மதுரையில் சைக்கிள் மிதிக்க நல்ல வழி தேடுகிறவர்களுக்கு

மதுரைக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வருகிறவர்கள் ஆசையாக ஒரு சைக்கிள் வாங்குவார்கள். நாலு நாள் காளவாசல் சிக்னலிலும் கோரிப்பாளையத்திலும் மாட்டி முழித்த பிறகு, அதை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். "இந்த ஊரில் சைக்கிள் ஓட்ட எங்கே இடம் இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்.

சும்மா சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. வைகை மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் கண்மாய்களை, அதாவது ஏரிகளை, நிரப்புகின்றன. ஒரு கண்மாய் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். தண்ணீர் மேடேறாது என்பதால் அதை ஒட்டிப் போகும் பாதையிலும் பெரிய ஏற்றம் இருக்காது. பழைய ஊர்களெல்லாம் கண்மாயை ஒட்டித்தான் இருக்கின்றன. ஊரையும் ஊரையும் சேர்க்கிற சின்ன ரோடுகளும் அப்படியே. லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் அந்தப் பக்கம் வேலையில்லை. கரையோரம் மரமும் இருக்கும், தண்ணீர் கிடந்தால் காற்றும் குளிர்ந்து வரும். சைக்கிளுக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் நேரம், அப்புறம் இடம்

மதுரையில் எங்கே ஓட்டுகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு ஓட்டுகிறோம் என்பது முக்கியம். காலை ஐந்தரைக்கு அமைதியாகக் கிடக்கும் ரோடு, ஏழரைக்குப் பள்ளிக்கூட வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் இறங்கிய பிறகு ஆளே மாறிவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. அந்த இரண்டு மாதமும் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். மார்கழி, தையில் சூரியன் எழவே ஆறரை ஆகும். அப்போது முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் வெளியே போக வேண்டாம். பின்விளக்கு மழைக்காலத்திலும் எரியட்டும்.

இது தூங்கா நகரம் என்பதையும் நினைவில் வையுங்கள். விடியற்காலை என்றாலே எல்லா ரோடும் காலி என்று அர்த்தமில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் உண்டு. திண்டுக்கல் ரோட்டில் பரவை மார்க்கெட் இருக்கிறது. நாம் கிளம்பும் அதே நேரத்தில்தான் அங்கே மூட்டை ஏற்றிய வண்டிகள் அவசரமாக ஓடும். அதிகாலையில் இந்த இரண்டு திசையையும் விட்டுவிடுவது நல்லது.

ஊருக்குள்ளே கை பழகுங்கள்

நேராக ஊரை விட்டு வெளியே ஓடாதீர்கள். முதல் சில வாரம் ஊருக்குள் ஓட்டினால்தான் இங்கத்திய ஆட்டோ எப்படித் திரும்பும், டவுன் பஸ் எங்கே ஒதுங்கும் என்பது பிடிபடும்.

ஆரம்பிக்க நல்ல இடம் மாசி வீதிகள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரம் சதுரமாக அடுக்கியிருக்கின்றன: கோயில் மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. இதில் சித்திரை வீதி நடக்கிறவர்களுக்கு உரியது, அங்கே சைக்கிளை இறக்கிவிடாதீர்கள். வெளி வீதிகளில் பஸ் அதிகம். நடுவில் இருக்கும் மாசி வீதிகள் தேரோடுகிற வீதிகள், அகலமானவை. பகலில் மொத்த வியாபாரக் கடைகளும் லோடு வண்டிகளும் அடைத்துக்கொண்டிருக்கும் இடம், ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெறிச்சோடிக் கிடக்கும். நாலு வீதியையும் ஒரு சுற்று சுற்றினால் நாலு திருப்பம், நாலு சந்திப்பு. கை காட்டித் திரும்பவும் பின்னால் பார்த்து ஓட்டவும் இதைவிடத் தோதான பயிற்சி இடம் எனக்குத் தெரியவில்லை. விளக்குத்தூண் பக்கம் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், அங்கே வண்டிகள் எந்தப் பக்கமிருந்தும் வரும்.

அடுத்தது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. நடுவில் மைய மண்டபம், நாலு பக்கமும் ரோடு. காலையில் நடக்க வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அதனால் வேகத்துக்கான இடம் இல்லை இது. தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் குளக்காற்றை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றலாம். சாயங்காலம் தின்பண்டக் கடைகள் வந்துவிடும், சைக்கிள் நகராது. தைப்பூசத் தெப்பத் திருவிழாச் சமயம் அந்தப் பக்கமே வேண்டாம்.

நிழல் வேண்டுமென்றால் வைகையின் வடகரைக்குப் போங்கள். காந்தி மியூசியம், ராஜாஜி பூங்கா, கலெக்டர் ஆபீஸ், ரேஸ்கோர்ஸ் மைதானம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மரங்கள் உள்ள பகுதி. சின்னப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்க நினைப்பவர்கள் விடுமுறை நாள் காலையில் இங்கே வரலாம்.

மேற்கே போகும் வழிதான் முதல் வழி

கை பழகிவிட்டதா? முதல் வெளியூர்ச் சவாரிக்கு நான் யாருக்கும் சொல்வது மேலக்கால் ரோடு. காளவாசல் பக்கமிருந்து கோச்சடை, அங்கிருந்து துவரிமான், மேலக்கால், திருவேடகம், சோழவந்தான். மொத்தம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முதல் தடவையே சோழவந்தானைத் தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. துவரிமான் வரை போய்விட்டுத் திரும்புங்கள். அடுத்த வாரம் இன்னும் ஒரு ஊர்.

கோச்சடை தாண்டும் வரை ஊர் நெரிசல் விடாது. துவரிமான் பக்கம் நான்கு வழிச்சாலையைக் கடந்ததும் காட்சி மாறும். இடது கைப்பக்கம் நாகமலை கூடவே வரும், பெயருக்கு ஏற்றபடி நீளமாகப் படுத்துக்கொண்டு. வலது கைப்பக்கம் வைகை. நடுவில் வயலும் தென்னந்தோப்பும். ஆற்றைப் பார்க்க முடியாத இடத்திலும் அது பக்கத்தில் இருப்பது உடம்புக்குத் தெரியும், காற்று அப்படி இருக்கும். சோழவந்தானை நெருங்கும்போது கொடிக்கால்கள் வரும். அகத்தி மரங்களைப் பிடித்து ஏறியிருக்கும் வெற்றிலைக் கொடிகளை நின்று பாருங்கள். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் நுழைய வேண்டுமென்றால் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது அறுப்புக் காலம். நெல்லையோ உளுந்தையோ ரோட்டில் பரப்பிக் காய வைத்திருப்பார்கள். சில இடத்தில் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று கதிரையே போட்டிருப்பார்கள். வைக்கோல்மேல் ஏறும்போது பிரேக் பிடித்தாலோ ஹேண்டிலைத் திருப்பினாலோ சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராகப் பிடித்து, மிதிக்காமல் உருண்டு போங்கள். காய்கிற தானியத்தின்மேல் ஏற்றவே வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

இன்னொரு விஷயம் காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது முழுசாக நம்புவீர்கள். மேற்கே போகும் வழியில் இதில் ஒரு லாபம் உண்டு: தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போகலாம், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும். அதே மாதத்தில் கிழக்கே போனீர்களென்றால் போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது முழி பிதுங்கும்.

மலையைப் பார்த்துப் போக

தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டையில் இடது பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. சமணர் மலையடிவாரத்தில் அய்யனார் கோயிலும், பெரிய ஆலமரமும், தாமரைக் குளமும் இருக்கின்றன. குளத்துக்கு முன்னால் சைக்கிளைப் பூட்டி நிறுத்திவிட்டுப் படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கலாம், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. தொடாதீர்கள், சாயாதீர்கள். போகும் வழியில் கஷ்டமான பகுதி தேனி ரோடுதான், பஸ் வேகமாக வரும். அதனால் இந்த வழியை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அழகர்கோவில் எல்லோரும் கேட்கும் வழி. சுமார் 21 கி.மீ. புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல் வரை ஊர் வளர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அப்பன் திருப்பதி, கள்ளந்திரி என்று ரோடு நல்லபடியாக விரியும். கள்ளந்திரியில் பெரியாறு பிரதானக் கால்வாயைப் பார்ப்பீர்கள். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகைக்கு வந்து, பேரணை என்ற இடத்தில் பிரிந்து இவ்வளவு தூரம் ஓடிவருகிறது. கள்ளந்திரி வரை இரு போகம், அதற்கு அந்தப் பக்கம் மேலூர் வரை ஒரு போகம் என்பது விவசாயிகள் கணக்கு. கால்வாயில் தண்ணீர் திறந்திருக்கும் நாளில் இந்த வழிக்கே தனிக் களை வந்துவிடும். ஆனால் கால்வாய்க்குள் இறங்கிக் குளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் இழுவை பலமாக இருக்கும்.

பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளத்தைத் தாண்டினால் கோயில் வந்துவிடும். மேலே பழமுதிர்சோலைக்குப் போகும் மலைப்பாதை தனி விஷயம். ஏற்றம் கடுமை, கொண்டை ஊசி வளைவுகள், காட்டுப்பகுதி. அடிவாரத்தில் கேட்டுவிட்டு, விட்டால் மட்டும் போங்கள். பிரேக் நன்றாக இல்லாத சைக்கிளில் அந்த இறக்கத்தில் இறங்கவே கூடாது. குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், தின்பண்டப் பையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு வரும் நாட்களிலும், ஆடிப் பௌர்ணமிக் கூட்டத்திலும் இந்த ரோட்டை மறந்துவிடுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பக்கமும் போகலாம். ஒரு பக்கம் யானைமலை அடிவாரத்து நரசிங்கம், இன்னொரு பக்கம் திருமோகூர். இரண்டும் அருமையான குட்டிச் சவாரிகள். ஒத்தக்கடை போய்ச் சேரும் மேலூர் ரோடுதான் நெரிசல்.

எங்கே போகக்கூடாது

ரிங் ரோடு வேண்டாம். அகலமாக, வழவழப்பாக, சைக்கிளுக்கென்றே போட்ட மாதிரி தெரியும். கனரக வண்டிகள் போகும் ரோடு அது. ஓரத்தில் மணல் படிந்து கிடக்கும். லாரி உரசிப் போகும்போது காற்றே நம்மை இழுக்கும். நான்கு வழிச்சாலைகளும் அப்படித்தான். நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த 7.3 கி.மீ. மேம்பாலத்திலும் ஏறாதீர்கள். மேலே ஒதுங்க இடம் கிடையாது, பஞ்சரானால் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் வழியை நீங்களே கண்டுபிடிக்க

நான் சொன்னது சில வழிகள்தான். நீங்கள் குடியிருப்பது திருநகரிலோ ஆனையூரிலோ இருக்கலாம். உங்கள் வாசலிலிருந்து கிளம்புகிற மாதிரி வழி கிடைத்தால்தான் தினமும் ஓட்டுவீர்கள்.

போனில் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்தில் பாருங்கள். பிறை வடிவத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது கண்மாய்க்கரை. கரைக்குக் கீழே பச்சையாக வயல், அதையொட்டி ஊர், ஊருக்குள் நுழையும் ரோடு. பக்கத்துக் கண்மாய்க்கு அங்கிருந்து ரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் சுற்றுப்பாதையில் பாதி கிடைத்துவிட்டது.

அப்புறம் டவுன் பஸ்ஸைக் கவனியுங்கள். பஸ் போய்த் திரும்புகிற ஊர்கள் இருக்கின்றன அல்லவா, அந்த ஊர் ரோடுகள்தான் நமக்கு வேண்டும். அதற்கு மேல் வண்டி போக வேலையில்லை என்பதால் உள்ளூர்க்காரர்கள் மட்டுமே வருவார்கள். மினி பஸ் ஓடும் ரோடு இன்னும் நல்லது.

மேப்பில் தெரியாததை ஆட்களிடம் கேட்க வேண்டும். பால் ஊற்றுகிறவர், கீரை விற்கிறவர், பேப்பர் போடுகிறவர் இவர்களில் பலர் இன்னும் சைக்கிளில்தான் வருகிறார்கள். எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்தக் கரையில் மழைக்குப் பிறகு சேறு நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். "அண்ணே, மெயின் ரோட்டுல ஏறாம துவரிமான் போக வழி இருக்கா?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். கடையில் இருக்கிற அத்தனை பேரும் வழி சொல்வார்கள். அதில் யார் சைக்கிள் ஓட்டுகிறவரோ அவர் சொல்வதைக் கேளுங்கள்.

புது வழியில் முதல் தடவை பாதி தூரம் போய்த் திரும்புங்கள். தனியாகப் போகும் பெண்கள் வெறும் கண்மாய்க்கரையைவிட ஊர் வழியாகப் போகும் ரோட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துணை இருந்தால் கரை வழியும் போகலாம். கரையில் ஆட்கள் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருப்பார்கள். அந்த இடத்தில் போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. கோயில்காடு என்றால் வெளியிலேயே சைக்கிளை நிறுத்திவிடுங்கள்.

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும்.

முள்ளுக்குத் தயாராகப் போங்கள்

மதுரைப் பக்கம் பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக்கருவேல முள். கண்மாய்க்குள்ளும் கரையிலும் மண்டிக் கிடக்கிறது. விறகு வெட்டி ஏற்றிப் போகிற வண்டியிலிருந்து ரோட்டிலும் சிந்தும். இந்த முள்ளைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்று உண்டு: டயரில் குத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒடிந்து விழுந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும். அதனால் டயரைக் கழற்றி, உள்பக்கம் ஒரு துணியை வைத்து முழு வட்டமும் மெதுவாகத் தடவுங்கள். நுனி இருக்கும் இடத்தில் துணி சிக்கும். இடுக்கியால் உள்பக்கமிருந்து பிடித்து இழுத்தால் வந்துவிடும், வராவிட்டால் வெளிப்பக்கம் தள்ளி எடுங்கள். வெறும் விரலால் தடவ வேண்டாம், விரலில் ஏறும்.

ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், டயர் கழற்றும் பட்டை இரண்டு, சின்னக் கைப்பம்பு, ஒரு இடுக்கி. இவ்வளவும் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் அடங்கும். உங்கள் சைக்கிளின் வால்வு பைக்கில் இருப்பது போன்ற தடித்த வகை என்றால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று பிடிக்கலாம். மெல்லிசாக, தலையில் திருகு இருக்கும் பிரெஸ்டா வகை என்றால் அதற்கான சின்ன அடாப்டரைக் கையோடு வைத்திருங்கள். கிராமத்துப் பஞ்சர் கடையில் அது கிடைக்காது.

டயர் ரொம்ப மெல்லிசாக வேண்டாம். 32 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஊர் ரோட்டுக்கும் கரைக்கும் சரியாக இருக்கும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளே மலைப்பாதை தவிர மற்ற எல்லா வழிக்கும் போதும். மழைக்குப் பிறகு மண்பாதையில் இறங்குமுன் மண்ணைப் பாருங்கள். செம்மண் என்றால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். திருமங்கலம் பக்கம் கரிசல். நனைந்த கரிசலில் பத்தடி போனால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டித்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள்.

தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டராவது வேண்டும். திரும்பும் வழியில் பருத்திப்பால் வண்டியைப் பார்த்தால் ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து பசியை நன்றாகத் தாங்கும். ஜிகர்தண்டா இதற்கு ஆகாது, குடித்த பிறகு மிதிக்க மனசு வராது.

தூரம் கூடும்போது

இருபது கிலோமீட்டர் போய்த் திரும்புவது சாதாரணமாகிவிட்டால் இரண்டு இடங்கள் காத்திருக்கின்றன.

ஒன்று அரிட்டாபட்டி, மேலூர்ப் பக்கம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு மலைகள், சுனைகள், கண்மாய்கள், குடைவரைக் கோயில், தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு எல்லாம் ஒரே ஊரில். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அந்த மண்ணுக்காக அவர்கள் நின்றிருக்கிறார்கள், நாம் பிளாஸ்டிக் பாட்டிலை அங்கே போட்டுவிட்டு வரக் கூடாது. பாறைகளில் ராஜாளி வகைப் பறவைகள் கூடு வைக்கும். ஊர் ரோட்டோடு சைக்கிளை நிறுத்திக்கொண்டு, சத்தம் போடாமல் நடந்து பாருங்கள்.

இன்னொன்று கீழடி, தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரம் குறைவுதான், ஆனால் வெயிலில் திரும்ப வேண்டிவரும். சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும் மதுரையிலிருந்துதான் பக்கம். தெப்பக்குளத்திலிருந்து விரகனூர், சிலைமான் வழி. விரகனூரில் ரிங் ரோடு குறுக்கே வரும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். சிலைமானுக்குப் பிறகு ராமேஸ்வரம் ரோட்டை விட்டுக் கீழடிக்குத் திரும்பியதும் தென்னந்தோப்புகள் வந்துவிடும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது, ஆனால் அது விடியற்காலையில் திறந்திருக்காது. பார்த்து முடித்து வெளியே வரும்போது உச்சி வெயில் ஆகிவிடும். எனவே இந்தச் சவாரியை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில்தான் போக முடியும் என்றால் மதியத்துக்கு மேல் போய், இருட்டுவதற்கு முன் தெப்பக்குளம் வந்து சேருகிற மாதிரி கிளம்புங்கள், பின்விளக்கில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.